நானூற்றுப் பதினேழாம் எண் அங்கி

நைரோபி
3 டிசம்பர் 1996

அன்புள்ள அலுவோச் அக்கா,

நீங்கள் எல்லாரும் பத்திரமாக ஓயுகிஸ் போய்ச் சேர்ந்ததாக லேக் குயின் பஸ் கண்டக்டர் நியாகோல் சொன்னான். ஒகேச் பெரியப்பா வழி முழுக்கப் பாடிக்கொண்டே வந்தாராம். நக்குரு பக்கத்தில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, "பெரியவரே, ஒண்ணு நீங்க பாடணும், இல்ல நான் ஓட்டணும். ரெண்டும் சேந்து நடக்காது" என்று சொன்னானாம். உண்மையா?

எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. நான்கு வருடம் படித்ததற்குப் பட்டமளிப்பு அரங்கின் உள்ளே நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. "கல்வித் துறை மாணவர்கள் எழுந்து நிற்கவும்" என்றார்கள். அறுநூறு பேர் எழுந்தோம். "பட்டம் வழங்கப்பட்டது" என்றார்கள். உட்கார்ந்துவிட்டோம். அம்மா பின்வரிசையிலிருந்து, "அபோண்டி பேர எப்பக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டது மேடைவரை கேட்டது. பெயரெல்லாம் கூப்பிட மாட்டார்கள் என்று யாரோ சொன்னதும், "அப்ப இவ்வளவு தூரம் எதுக்கு வந்தோம்?" என்றாள்.

ஆனால் வெளியே நடந்தது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அம்மா மேடைக்கு முன்னால் நின்று படம் எடுத்தே தீருவேன் என்று அடம்பிடித்ததால் நான் வெளியே வரத் தாமதமாகிவிட்டது. வந்து பார்த்தால் வாசலில் ஒரே குலவை. முப்பது பேர் வட்டம் கட்டி ஆடுகிறார்கள். நடுவில் கறுப்பு அங்கியில் நெட்டையாக ஒரு பெண், கழுத்தில் ஏழு ஜிகினா மாலை. யாரோ கொடுத்துவைத்தவள் என்று நானும் ஓரமாக நின்று கை தட்டினேன். ரொம்ப நேரம் தட்டினேன் அக்கா. அப்புறம்தான் ஆடுகிறவர்களின் முகத்தைப் பார்த்தேன். எல்லாம் நம் வீட்டு முகங்கள். முன்னால் இடுப்பை ஒடித்து ஆடிக்கொண்டிருந்தது நீ!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பட்டமளிப்பு அங்கி எங்கே? படம் எடுக்க அம்மா போட்டாள், பெரியப்பா கோட்டுக்கு மேலேயே போட்டார், டிரைவர்கூடப் போட்டான். கடைசியாக நியாகோல் உடம்பில் பார்த்த ஞாபகம். அதன் பிறகு பஸ் கிளம்பிவிட்டது. அது வாடகை அங்கி. காலரில் 417 என்று மையால் எழுதியிருக்கும். அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் சான்றிதழைக் கையில் தருவார்கள். உங்கள் கூட்டத்தில் புத்தியுள்ளவள் நீ ஒருத்திதான் என்பதால் உனக்கு எழுதுகிறேன். தேடிப் பிடித்து நியாகோலிடம் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
அபோண்டி


ஓயுகிஸ் சந்தை
9 டிசம்பர் 1996

அபோண்டிக்கு,

பெரியப்பா பாடியது உண்மை. டிரைவர் நிறுத்தியதும் உண்மை. இறங்கி நின்று பாட்டை முடித்துவிட்டுத்தான் மறுபடி ஏறினார்.

அங்கி பத்திரமாக இருக்கிறது. பஸ்ஸில் எல்லார் தலைக்கும் மேலே விரித்துப் போர்த்திக்கொண்டு வந்தோம், நல்ல குளிர். ஞாயிற்றுக்கிழமை நன்றி ஆராதனைக்கு அம்மா அதைப் போட்டுக்கொண்டு போனாள். காணிக்கை போட நான்கு தடவை எழுந்து போனாள், எல்லாரும் பார்க்க வேண்டுமே. திங்கட்கிழமை பெரியப்பா அதை மாட்டிக்கொண்டு ஊர்த் தலைவரைப் பார்க்கப் போனார். ஊர்த் தலைவரும் போட்டுப் பார்த்தாராம். தோள் சரியாக இல்லை என்றாராம். எனக்கு அது அங்கேயே தெரியும்.

நீ சிரித்தது இருக்கட்டும். ஆள் மாறிப் போனதற்கு என்னைக் கேலி செய்கிறாயே, வேலிக்கு வெளியே நின்றவளுக்கு எல்லாக் கறுப்பு அங்கியும் ஒன்றுதான். காலை ஏழு மணியிலிருந்து அந்த வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கொட்டுச் சத்தம் கேட்டால் இது அவளுக்கோ, ஒலிபெருக்கியில் எதையாவது சொன்னால் இது அவளுக்கோ என்று கேட்டுக் கேட்டுப் பக்கத்தில் நின்றவளின் உயிரை வாங்கிவிட்டேன். உன்னைப் போலவே உயரமாக ஒருத்தி முதலில் வெளியே வந்தாள். கண்ணில் தண்ணீரோடு பார்த்தேனா, நீதான் என்று நினைத்துவிட்டேன்.

அவளும் 'நான் இல்லை' என்று சொல்லவில்லையே! எங்களோடு சேர்ந்து ஆடினாள், நன்றாகவே ஆடினாள். விஷயம் தெரிந்ததும் மாலைகளைக் கழற்றினேன். ஆறு கழற்றினேன். ஏழாவதை அவள் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டேன். அதனால்தான் உனக்கு ஆறு.

ஆளுக்கு இரண்டு அழைப்பு அட்டை. ஒன்று அம்மாவுக்கு, அது சரி. இன்னொன்று பெரியப்பாவுக்கு. அவர் உள்ளே போய்ச் சட்டத் துறை வரும்போது தூங்கி, மருத்துவத் துறை வரும்போது குறட்டை விட்டார் என்று அம்மா சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. சொன்னேன், அவ்வளவுதான்.

அங்கி அடுத்த வாரம் வரும்.

உன் அக்கா,
அலுவோச்


நைரோபி
14 டிசம்பர் 1996

அன்புள்ள அக்கா,

'ஒன்றும் கேட்கவில்லை' என்று நீ எழுதினால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாய் என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா?

அட்டை விஷயத்தில் நான் செய்தது தப்பு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவுக்குக் கொடுக்காவிட்டால் வாசலில் நின்று, "அப்பன் இல்லாத புள்ளைய வளத்தது யாரு?" என்று ஆரம்பித்துவிடுவார். வளர்த்தது அவரில்லை என்பது அவருக்கும் தெரியும், அதனால்தான் இன்னும் சத்தமாகக் கத்துவார். உனக்குக் கொடுக்காவிட்டால் நீ ஒன்றும் சொல்ல மாட்டாய் என்று நினைத்தேன். கத்துகிறவருக்கு அட்டை, கத்தாதவளுக்கு வேலி. எழுதிப் பார்க்கும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இப்போது என் கழுத்துக்கு மேல் வந்திருக்கும் விஷயத்தைக் கேள். கெரிச்சோவில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு இடம் தந்திருக்கிறார்கள். தலைமையாசிரியை நல்லவர், ஆனால் கறார். "ஜனவரி பத்தாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள்ள அசல் சான்றிதழ் என் மேசைல இருக்கணும். இல்லன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவேன்" என்று சொல்லிவிட்டார். பட்டியலில் எனக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள்.

அங்கிகளைத் திருப்பி வாங்கும் கிடங்கில் முத்தீசோ என்று ஒருவர் இருக்கிறார். போய்க் கெஞ்சினேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஒவ்வொரு வருஷமும் இதே கததாம்மா. அங்கி ஊருக்குப் போகும், ஊரே போட்டுப் பாக்கும். போன வருஷம் ஒண்ணு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்துச்சு, பாக்கெட் வச்சுத் தச்சு! அங்கி வரட்டும், தாள் போகும்" என்றார்.

தயவுசெய்து அனுப்பிவிடு அக்கா. அம்மா எத்தனை காணிக்கை வேண்டுமானாலும் போடட்டும், சொந்த உடுப்பில் போடட்டும்.

அபோண்டி


ஓயுகிஸ் சந்தை
20 டிசம்பர் 1996

அபோண்டிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

உன் அங்கி என் மேசைமேல் பதினோரு துண்டாக இருக்கிறது.

கத்தாதே. கிழியவில்லை. நானே தையலைப் பிரித்தேன். ஒரு துண்டும் தொலையவில்லை, ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் எண் போட்டிருக்கிறேன். காகிதத்தில் வெட்டு மாதிரி, அதுதான் பேப்பர் கட்டிங், எடுக்க வேண்டியிருந்தது. வெளியிலிருந்தே அளந்து பார்த்தேன், முதுகு கிடைத்தது, கை கிடைக்கவில்லை. அந்தக் கையின் வெட்டு பிரித்தால்தான் தெரியும். மேலே குறுகி, கீழே விரிந்து, நுனி மட்டும் கூராகக் கீழே இறங்குகிறது. யோசித்தவன் கெட்டிக்காரன்.

ஆனால் தைத்தவன் இருக்கிறானே, அவனை நேரில் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்பேன். இடது அக்குளில் தையலே இல்லை, நூல் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். ஓரம் ஒரு பக்கம் முக்கால் அங்குலம், மறுபக்கம் ஒன்றேகால். முதுகு மடிப்பில் வலதுக்கு ஒன்பது, இடதுக்கு ஏழு. இதைப் போட்டுக்கொண்டா நீ நான்கு வருடப் படிப்பை முடித்தாய்? என்னிடம் அளவு எடுத்துக்கொண்டு போயிருந்தால் நான் தைத்துக் கொடுத்திருப்பேனே.

எதற்குப் பிரித்தாய் என்று இப்போது கேட்காதே. கேட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்கும். உனக்கு எழுதும்போது பொய் சரளமாக வருவதில்லை.

தைத்து முடிக்க உடனே கை ஒழியவில்லை. டிசம்பர் மாதம் என்றால் தெரியுமே, மூன்று பள்ளிக்கூடத்துச் சீருடையும் என் தலையில்தான் இருக்கிறது. வாசலில் தாய்மார்கள் உட்கார்ந்து, "என் மகனுக்கு இடுப்பு இன்னும் சின்னதாயிருச்சு" என்று மாற்றி மாற்றி அளவு சொல்கிறார்கள். ஜனவரிக்குள் வரும். என் பேச்சை நம்பு.

அலுவோச்


நைரோபி
26 டிசம்பர் 1996

திருமதி ரோசலீடா அலுவோச் அவர்களுக்கு,

உங்கள் 20ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. நேற்றுக் கிறிஸ்துமஸ் அன்று அதை வைத்துக்கொண்டு அழுதேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அது என்னுடைய அங்கி இல்லை. உங்களுடையதும் இல்லை. உங்களுக்குத் துணி தெரியும். ஒரு தாளுக்காக நான்கு வருடம் உட்கார்ந்து படிப்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. அதற்காக நான் உங்களைக் குறை சொல்லவும் முடியாது.

பத்தாம் தேதிக்குள் அங்கி வராவிட்டால் எனக்கு அந்த வேலை இல்லை. அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

இப்படிக்கு,
ரிஸ்பர் அபோண்டி


ஓயுகிஸ்
2 ஜனவரி 1997

அபோண்டிக்கு,

அங்கி இத்துடன். எண் காலரில் இருக்கிறது. சரிபார்த்துக்கொள்.

அலுவோச்


நைரோபி
8 ஜனவரி 1997

அக்கா,

முதலில் இதைச் சொல்கிறேன். சான்றிதழ் கிடைத்துவிட்டது. நாளை விடிந்ததும் கெரிச்சோ பஸ். இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கியைக் கொண்டுபோய் முத்தீசோவின் மேசைமேல் வைத்தேன். விரித்துப் பார்த்தார். புரட்டினார். மடித்து என் பக்கமே தள்ளிவிட்டார்.

"இது எங்களோடது இல்லம்மா."

"நம்பர் பாருங்க சார். நானூத்திப் பதினேழு."

"நம்பர் எங்களோடதுதான். அங்கி எங்களோடது இல்ல. பதினோரு வருஷமா நான் இந்த நானூத்திப் பதினேழப் பாத்துட்டு வரேன். அதுக்கு இடது அக்குள்ல ஓட்ட இருக்கணும். ஓரம் ஒரு பக்கம் தொங்கணும். இதுல எதுவுமே இல்லையே!"

"எங்க அக்கா தையல்காரி சார். சரி பண்ணிட்டாங்க."

"யாரும் சரி பண்ணி அனுப்ப மாட்டாங்கம்மா. கறை வச்சு அனுப்புவாங்க."

உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். மூன்று பேரும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத் தையலைப் பார்த்தார்கள். ஒருவர் மடிப்புகளை எண்ணினார். எட்டும் எட்டும். கடைசியில் முத்தீசோ அதைத் தானே மாட்டிக்கொண்டு கையை விரித்துப் பார்த்தார். அப்புறம் புத்தகத்தைத் திறந்தார். அதில் 'நல்ல நிலை', 'சேதம்' என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. பேனாவை எடுத்துப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, 'போனதைவிட மேல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "உங்க அக்கா இங்க வேலைக்கு வருவாங்களான்னு கேளும்மா. இன்னும் ரெண்டாயிரம் கெடக்குது" என்றார்.

கழற்றும்போது உள்ளே குண்டூசியில் ஒரு காகிதம் இருந்தது. நீ எடுக்க மறந்துவிட்டாய். உன் கையெழுத்து. மேலே, '15 பிப்ரவரி, சனி. எட்டு அங்கி.' கீழே பெயர்கள்: லென்சா, மில்கா, இன்னும் ஐந்து பெண்கள். ஒவ்வொரு பெயருக்கும் மார்பு, நீளம், கை. எட்டாவது இடத்தில் பெயர் இல்லை. 'நான்' என்று மட்டும் எழுதி, 40, 52, 24 என்று இருந்தது.

அந்தக் கிடங்கு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன் அக்கா. என்ன படித்தாய், எப்போது படித்தாய், ஏன் என்னிடம் சொல்லவில்லை, எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் கிறிஸ்துமஸ் மறுநாள் நான் உனக்கு எழுதியது மட்டும் வரிக்கு வரி ஞாபகம் வந்தது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. கிழித்தாலும் எனக்கு மறக்காது. என்னை மன்னித்துவிடு.

இன்னொன்று. வரிசையில் எனக்குப் பின்னால் அங்கியோடு நின்றது யார் தெரியுமா? உன் நெட்டைப் பெண். பெயர் ஜெரோடிச், வேளாண்மைத் துறை. பரிங்கோவிலிருந்து அவள் வீட்டார் கிளம்பினார்களாம். மழையில் சாலை அடித்துக்கொண்டு போய் நடுவழியில் நின்றுவிட்டார்கள். அன்று அவளுக்கென்று யாருமே இல்லை. வாசலைத் தாண்டியதும் நேரே விடுதி அறைக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று இருந்தாளாம். "ஒரு அக்கா ஓடி வந்து என்னக் கட்டிப் பிடிச்சு, 'எங்க பொண்ணு ஜெயிச்சுட்டா'ன்னு கத்துனாங்க. இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல. சொன்னா நிறுத்திருவாங்களே" என்றாள். அந்த மாலை அவள் அறைச் சுவரில் தொங்குகிறது. திருப்பித் தர வேண்டுமா என்று பயந்துகொண்டே கேட்டாள்.

உன்,
அபோண்டி


ஓயுகிஸ் சந்தை
17 ஜனவரி 1997

என் அபோண்டி,

கெரிச்சோவில் குளிருமே, கம்பளிச் சட்டை எடுத்துக்கொண்டு போனாயா? தலைமையாசிரியை மேசையில் தாளை வைத்தபோது என்ன சொன்னார்? அதை நீ எழுதவே இல்லை.

உன் கிறிஸ்துமஸ் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை அழுகை வந்தது. மூன்றாம் தடவை, இவளுக்குத் தெரியாமல் வைத்திருந்தது நான்தானே, இவளை என்ன சொல்வது என்று தோன்றியது. அடுப்பில் போட்டுவிட்டேன். அன்று உகாலிக் களி நன்றாக வந்தது.

இப்போது கேள். சந்தைக்குப் பின்னால் உள்ள தொழிற்பயிற்சிக் கூடத்தில் நான் ஐந்து வருடமாகத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன், அது உனக்குத் தெரியும். போன வருடம் ஒரு அதிகாரி வந்தார். "சான்றிதழ் இல்லாதவங்க இனிமே சொல்லிக்குடுக்கக் கூடாது" என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் போட்டிருந்த கால்சட்டையைத் தைத்தது நான். அதைச் சொன்னேன். "தையல் நல்லாத்தான் இருக்கு, தாள் எங்க?" என்றார்.

அதனால் நான் சொல்லிக்கொடுத்த ஏழு பெண்களோடு நானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அரசாங்கத் தொழில் தேர்வு எழுதினேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பதினாறு வருடம் கோத்த கை! பக்கத்திலிருந்த லென்சா, "டீச்சர், மூச்சு விடுங்க" என்றாள். கடைசியில் அந்தக் கழுதைதான் முதலாவதாக வந்தாள். நான் இரண்டாவது. நான் சொல்லிக்கொடுத்த காலரை என்னைவிட நேராகத் தைத்துவிட்டாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டுச் சப்பாத்தி போட்டேன்.

தோற்றுப்போனால் என்ன செய்வது என்றுதான் உன்னிடம் சொல்லவில்லை. உனக்காக நான் படிப்பை விட்டேன் என்று பெரியப்பா பாட்டுக்கு நடுவில் பஸ் முழுக்கப் பேசினார். பொய். எனக்குக் கணக்கு வரவில்லை, வாத்தியார் அடித்தார், நான் சிலேட்டை அவர்மேல் எறிந்துவிட்டு வந்துவிட்டேன். அதுதான் நடந்தது. தியாகி என்று என்னை மாலை போட்டு மூலையில் உட்கார வைக்காதீர்கள். எனக்கும் ஒரு தாள் வேண்டும் என்று ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். அன்று வேலிக்கு வெளியே அழுதேனே, அது உனக்காக மட்டும் இல்லை.

பிப்ரவரி 15 எங்கள் பட்டமளிப்பு. அங்கி இல்லாமல் என்ன பட்டமளிப்பு? எட்டையும் நானே வெட்டித் தைத்துவிட்டேன். இங்கேயும் ஆளுக்கு இரண்டு அழைப்பு அட்டை. கூடம் சின்னது.

பெரியப்பா கோட்டை இப்போதே இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். நான் சொன்னேன், "பெரியப்பா, அட்ட தீந்துபோச்சு." "நான் யாருன்னு தெரியும்ல?" என்றார். "தெரியும் பெரியப்பா. வேலிக்கு வெளிய மாமர நிழல் நல்லா இருக்கும்" என்றேன். அம்மாவும் உள்ளே வரமாட்டேன் என்கிறாள். உள்ளே ஆட இடமில்லையாம், போன தடவையே கால் மரத்துப் போய்விட்டதாம்.

இரண்டு அட்டையையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்று அந்த நெட்டைப் பெண்ணுக்கு. மாலையைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிக் கூட்டி வா.

உன் அக்கா,
அலுவோச்


கெரிச்சோ
18 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்கா,

படங்கள் கழுவ இரண்டு வாரமாகும் என்கிறான் ஸ்டுடியோக்காரன். அதற்குள் நீ மேடையிலிருந்து பார்த்திருக்க முடியாததை எல்லாம் எழுதிவிடுகிறேன்.

உங்கள் பயிற்சிக் கூடத்துத் தலைமையாசிரியர் ஒலாங் முதலிலேயே, "எட்டுப் பேரையும் கூப்பிட்டு முடிக்கிறவரைக்கும் யாரும் சத்தம் போடக் கூடாது" என்று சொன்னாரா? நான் இப்போது டீச்சர். என் வகுப்பில் நாற்பத்தெட்டுப் பெண்களை வாய் மூடி உட்கார வைக்கிறவள். கை கட்டி உட்கார்ந்திருந்தேன். லென்சா பெயர் வந்தது, சத்தமே இல்லை. "ரோசலீடா அலுவோச்" என்றார். யாரோ எழுந்து நின்று குலவை போட்டார்கள். யாரடா இந்த மானங்கெட்டவள் என்று நினைத்தேன். ஜெரோடிச் என் பாவாடையைப் பிடித்து இழுத்தபோதுதான் அது நான் என்று தெரிந்தது.

வெளியே அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். கதவு திறந்தது, நாற்பது பேர் ஆடிக்கொண்டே உள்ளே வந்தார்கள், முன்னால் பெரியப்பா. பாவம் ஒலாங், மீதி ஆறு பேரின் பெயரையும் அந்தக் கூத்துக்கு நடுவில் தொண்டை கிழியக் கத்தினார். மில்காவை மூன்று தடவை கூப்பிட்டார். அவள் நம் அம்மாவோடு ஆடிக்கொண்டிருந்தாள்.

ஜெரோடிச் அந்த ஜிகினா மாலையைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தது எனக்கே தெரியாது. உன் கழுத்தில் போட்டுவிட்டு, "இப்பத்தான் சரியான ஆளுக்குப் போயிருக்கு" என்றாள். நீ அவளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அக்கா, எங்கள் பட்டமளிப்பில் அறுநூறு பேரை மொத்தமாக எழுப்பி உட்கார வைத்தார்கள். என் பெயரை யாரும் கூப்பிடவில்லை. உன் பெயரைக் கூப்பிட்டார்கள், முழுப் பெயரையும். அதைக் கேட்க நான் உள்ளே இருந்தேன். அந்த அட்டை இப்போது என் பைபிளுக்குள் இருக்கிறது.

உன்,
அபோண்டி


ஓயுகிஸ் சந்தை
3 மார்ச் 1997

என் அபோண்டி,

ஒரு உதவி வேண்டும். பெரியப்பாவுக்கு நீ ஒரு கடிதம் எழுது, படித்தவள் எழுதினால் பயப்படுவார். என் அங்கியை ஒரு நாளைக்கு என்று வாங்கிக்கொண்டு போனார். பன்னிரண்டு நாளாகிறது. கேட்டால் ஊர்த் தலைவரிடம் இருக்கிறதாம். அவருக்கு இந்தத் தடவை தோள் சரியாக இருக்கிறதாம், கழற்ற மனமில்லையாம். டிசம்பரில் உன் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

போகட்டும், சுற்றி வரட்டும். தாள் என்னிடம் இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு இயந்திரத்துக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது அவர்கள் முகத்துக்கு நேரே அதுதான் இருக்கும், அப்படி இடம் பார்த்து ஆணி அடித்தேன். படிக்கத் தெரிந்தவர்கள் படித்துவிட்டுப் போகிறார்கள். படிக்கத் தெரியாதவர்கள், "அதுல என்ன எழுதியிருக்கு அலுவோச்?" என்று கேட்கிறார்கள்.

இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேலேயிருந்து கடைசிக் கையெழுத்துவரை வாசித்துக் காட்டுகிறேன். எத்தனை பேர் காத்திருந்தாலும் அவசரப்படுவதில்லை.

உன் அக்கா,
அலுவோச்